பூட்டை எப்போது மாற்றுவது? 90 நாள் பாஸ்வேர்டின் கதை

"உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாக இன்னும் 7 நாட்களே உள்ளன."

2003-ல் சென்னையில் முதல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வரியைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை நல்ல பிள்ளையாக யோசித்து, புத்தம் புதுசாக ஒன்று வைத்தேன். திங்கட்கிழமை காலையில் அது சுத்தமாக மறந்துபோனது. இரண்டாவது தடவை புத்தி வந்துவிட்டது. எங்க ஊர் ஆறான சிற்றாற்றின் பெயர், முதல் எழுத்து கேப்பிடல், கடைசியில் ஒரு 1. அடுத்த மூன்று மாதத்துக்கு 2. அதற்கடுத்து 3. 2010-ல் அந்த வேலையை விட்டபோது 27-ல் வந்து நின்றிருந்தது. (இப்போது அது எங்கேயும் புழக்கத்தில் இல்லை. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.)

பக்கத்து சீட் நண்பர் மாதத்தின் பெயரையும் வருஷத்தையும் சேர்த்து வைப்பார். இன்னொருவர் மகள் பெயரோடு ஆச்சரியக்குறி. ஒவ்வொரு தடவையும் ஒரு குறி கூடும். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் தானாகவே ஒரே தந்திரத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

இதில் என் பங்கும் உண்டு. 2007-ல் ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய போர்ட்டலில் பாஸ்வேர்ட் காலாவதி பகுதி என் கையால் எழுதியதுதான். 90 நாள் ஆனால் மாற்றச் சொல்ல வேண்டும், கடைசி நான்கு பாஸ்வேர்ட் திரும்ப வரக்கூடாது. "ஏன் 90?" என்று டீம் லீடிடம் கேட்டேன். "ஆடிட்ல கேப்பாங்கப்பா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்க வைத்தது அப்பா.

அப்பா தென்காசியில் 30 வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு ஸ்மார்ட்போன், நெட் பேங்கிங் எல்லாம் அவராகவே கற்றுக்கொண்டார். எல்லா பாஸ்வேர்டையும் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், கடைக் கணக்கு எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதைப் பார்த்துவிட்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "எழுதி வைக்கவே கூடாதுப்பா. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்திடுங்க." என் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தைக் கிழிக்க வைத்தேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருநெல்வேலிக்குக் கொண்டு வந்து ஐ.சி.யு.வில் சேர்த்தாயிற்று. மருத்துவக் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அது அப்பாவின் மெயிலில் இருக்கிறது. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. பேரன் பெயரோடு 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு கணக்கு பூட்டிக்கொண்டது. கடைசியில் மச்சான் ராத்திரியோடு ராத்திரியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டிப்போய், தென்காசி வீட்டு பீரோவிலிருந்து பாலிசி பேப்பரை எடுத்து வந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து வார்டில் பேச்சுக்கொடுத்தபோது சொன்னார்: "நீ சொன்ன மாதிரிதாம்ல மாத்திக்கிட்டே வந்தேன். கடைசியா எதுல நிறுத்துனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த 90 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்று. கிடைத்த கதையைக் கீழே எழுதுகிறேன்.

முதல் பாஸ்வேர்ட், முதல் திருட்டு

கணினிக்கு பாஸ்வேர்ட் வந்த கதையை எம்.ஐ.டி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவரது குழுவும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து வேலை செய்யலாம் என்பதுதான் அதன் புதுமை. பலர் பகிர்ந்தால் இரண்டு பிரச்சினை வரும். என் கோப்பை நீங்கள் பார்க்கக் கூடாது. எனக்கு ஒதுக்கிய கணினி நேரத்தை நீங்கள் செலவழிக்கக் கூடாது. அதற்காக ஆளுக்கொரு ரகசியச் சொல். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஹாஸ்டலில் ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கொரு பூட்டு மாதிரிதான்.

திருட்டும் சீக்கிரமே வந்தது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கணினி நேரம். போதவில்லை. கோப்புகளை அச்செடுத்துத் தரும் வசதி ஒன்று அங்கே இருந்தது. பாஸ்வேர்ட் கோப்பை அச்செடுக்கச் சொல்லித் துளை அட்டையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கோரிக்கை வைத்தார். மறுநாள் காலை போய்ப் பட்டியலை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்! இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்.

நம் கதைக்கு இதைவிட முக்கியமான சம்பவம் அதே எம்.ஐ.டி.யில் சில வருஷம் கழித்து நடந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே சமயத்தில் எடிட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் திருத்தியது, உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பை. மற்றவர் திருத்தியது பாஸ்வேர்ட் கோப்பை. எடிட்டர் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கித் தொலைத்தது. இரண்டும் இடம் மாறிவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் "வரவேற்கிறோம்" என்பதற்குப் பதில் எல்லோருடைய பாஸ்வேர்டும் டெர்மினலில் அச்சாகி ஓடியது. வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் உட்கார்ந்து எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இங்கே எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினார்கள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. ரகசியம் வெளியே போய்விட்டது, அதனால் மாற்றினார்கள். காலண்டருக்கு அதில் வேலையே இல்லை.

86 சதவீதம்

அடுத்த நிறுத்தம் 1979. பெல் லேப்ஸில் ராபர்ட் மாரிஸும் யுனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மக்கள் உண்மையில் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். 15 பேர் ஒரே ஒரு எழுத்தை பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. அகராதிச் சொல், ஆள் பெயர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2,831 பாஸ்வேர்ட், அதாவது 86 சதவீதம், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை.

அவர்கள் சொன்ன தீர்வு என்ன? பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல், திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றிச் சேமியுங்கள். அந்த உருமாற்றத்தை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்துவிடுங்கள். அந்தக் கடைசி உத்திக்கு அவர்கள் வைத்த பெயர் 'சால்ட்', உப்பு. இன்று வரை நாங்கள் எல்லோரும் போடும் உப்பு அதுதான்.

தாம்ப்சன் தன் சொந்த பாஸ்வேர்டை எப்படி வைத்திருந்தார் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. பழைய யுனிக்ஸ் பாஸ்வேர்ட் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் முயன்று, 2019-ல்தான் அதை உடைத்தார்கள். அது ஒரு சதுரங்க நகர்த்தல்: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுவது, பழைய முறைக் குறியீட்டில், கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியோடு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய எட்டு எழுத்து. 90 நாளுக்கு ஒருமுறை மாற்றியதால் அது தாக்குப்பிடிக்கவில்லை. யாரும் யூகிக்கக்கூடிய சொல்லாக இல்லாததால்தான் தாக்குப்பிடித்தது.

பச்சை அட்டைக்குள் ஒரு வாய்ப்பாடு

சரி, காலண்டர் எப்போது உள்ளே வந்தது?

1985 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினிப் பாதுகாப்பு மையம் பாஸ்வேர்ட் நிர்வாகத்துக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அட்டை நிறத்தை வைத்துப் 'பச்சைப் புத்தகம்' என்பார்கள். அதற்குள் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. எளிமையாகச் சொன்னால் இப்படி: பாஸ்வேர்ட் எவ்வளவு நாள் புழக்கத்தில் இருக்கிறதோ அதை, எதிரி எவ்வளவு வேகமாக யூகிக்க முடியுமோ அதனால் பெருக்குங்கள். மொத்தம் எத்தனை பாஸ்வேர்ட் சாத்தியமோ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். வருவதுதான் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு.

அருமையான வாய்ப்பாடு. ஆயுள் குறைந்தால் ஆபத்து குறையும். ஆக, அவ்வப்போது மாற்றுங்கள். அந்தப் புத்தகம் வைத்த உச்ச வரம்பு 90 நாள் இல்லை, ஒரு வருஷம்!

ஆனால் இந்தக் கணக்கின் அடியில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று, எதிரி தொலைபேசி வழியாக, 300 பாட் மோடத்தில் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு எட்டு ஒன்பது தடவை முயற்சி செய்கிறான் என்ற காலத்துக் கணக்கு இது. இரண்டு, பாஸ்வேர்டை மனிதர் தேர்ந்தெடுக்கவில்லை, கணினி தற்செயலாக உருவாக்கிக் கொடுக்கிறது. பச்சைப் புத்தகம் இதைத் தெளிவாகவே பரிந்துரைக்கிறது.

இரண்டாவது நிபந்தனைதான் உயிர்நாடி. கணினி கொடுத்தால் புது பாஸ்வேர்டுக்கும் பழசுக்கும் எந்த உறவும் இருக்காது. எதிரி பாதி தூரம் தேடியிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நானே தேர்ந்தெடுத்தால்? 26-க்கு அடுத்தது 27. எதிரிக்கு ஒன்றுமே மாறவில்லை.

முதல் நிபந்தனையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு வருஷ ஆயுளை 90 நாளாக்கினால் ஆபத்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். அதே பாஸ்வேர்டில் ஒரே ஒரு ஆங்கிலச் சிற்றெழுத்தைத் தற்செயலாகத் தேர்ந்து கூடுதலாகச் சேர்த்தால் 26-ல் ஒரு பங்காகும். வருஷத்துக்கு நான்கு முறை லட்சக்கணக்கானவர்களை அலைக்கழித்துக் கிடைப்பதைவிட, ஒரே ஒரு எழுத்தில் ஆறு மடங்குக்கு மேல் லாபம். கோப்பே திருடுபோய், நொடிக்குக் கோடிக்கணக்கில் முயற்சி செய்யும் இன்றைய கருவிகள் முன்னால், பலவீனமான பாஸ்வேர்ட் 90 நாள் காத்திருக்காது. அன்றைக்கே போய்விடும்.

செக்லிஸ்ட் பிறந்தது

விதியைக் காப்பி எடுத்தவர்கள் நிபந்தனைகளைக் காப்பி எடுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான் என்பது என் புரிதல்.

2004-ல் இரண்டு ஆவணங்கள் வந்தன. ஒன்று, அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. வெளியிட்டது. அதன் பாஸ்வேர்ட் பகுதியை எழுதியவர் பில் பர். பெரிய எழுத்து, எண், குறி கலந்தால் வலிமை கூடும் என்ற கணக்கு அதில்தான் பிரபலமானது. இன்னொன்று, கிரெடிட் கார்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பி.சி.ஐ. தரம். அதில் அன்று கறுப்பு வெள்ளையில் இருந்தது: குறைந்தது 90 நாளுக்கு ஒருமுறை மாற்று, குறைந்தது ஏழு எழுத்து வை, கடைசி நான்கைத் திரும்ப அனுமதிக்காதே.

கடைசி நான்கு! 2007-ல் நான் எழுதிய அதே நிபந்தனை. கார்டு தகவலைக் கையாளும் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் கம்பெனிக்கும் அந்த விதி வந்து சேரும். அப்படித்தான் சென்னையில் என் மேஜைக்கும் வந்திருக்கிறது. டீம் லீட் சொன்னது பொய்யில்லை. ஆடிட்டில் கேட்பார்கள்தான்.

பில் பர் ஓய்வுபெற்ற பிறகு, 2017-ல் அளித்த பத்திரிகைப் பேட்டியில், தான் செய்ததில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். உண்மையான பாஸ்வேர்டுகளை வைத்து ஆராயத்தான் அவர் விரும்பினாராம். தரவு கிடைக்கவில்லை. கெடு நெருங்க, 80-களின் பழைய ஆவணம் ஒன்றை நம்பி எழுத வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டெட்லைனுக்கு முந்தின ராத்திரி பழைய டாக்குமென்ட்டிலிருந்து எடுத்துப் போடாத இன்ஜினியர் யார்?

ஐந்தே யூகம்

தரவு 2010-ல் வந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. பயன்பாட்டில் இல்லாத 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய பாஸ்வேர்ட் வரிசைகளை யின்சியான் ஜாங், ஃபேபியன் மன்ரோஸ், மைக்கேல் ரைட்டர் மூவரும் ஆராய்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி: ஒருவரின் பழைய பாஸ்வேர்ட் தெரிந்தால் புதியதைக் கண்டுபிடிக்க முடியுமா?

கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டு, குறியை இடம் மாற்று, எழுத்தைக் குறியாக்கு. நாம் செய்யும் தந்திரங்களையே நிரலாக எழுதினார்கள். 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து யூகத்துக்குள் விடை கிடைத்தது. பாஸ்வேர்ட் கோப்பு கையில் இருந்து முயன்றால், 41 சதவீதம் சில நொடிகளில் விழுந்தது.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம், 27 மாற்றம். யாராவது என் 14-ஐத் தெரிந்து வைத்திருந்தால் 15-க்கு ஒரே ஒரு யூகம் போதும்.

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பின்வாங்கத் தொடங்கினார்கள். 2015-ல் பிரிட்டன் அரசின் தகவல் பாதுகாப்பு அமைப்பு, கட்டாய மாற்றம் வேண்டாம் என்று வழிகாட்டியது. 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்தின் தலைமைத் தொழில்நுட்பராகச் சேர்ந்த லோரி கிரேனர், தன் சொந்த அலுவலகமே அடிக்கடி மாற்றச் சொல்வதைப் பார்த்து, ஆய்வுகளை முன்வைத்துக் கேள்வி எழுப்பினார். 2017-ல் என்.ஐ.எஸ்.டி. தன் அறிவுரையைத் திருத்தியது. 2019-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்கான பரிந்துரைப் பட்டியலிலிருந்தே காலாவதி விதியை நீக்கியது. 2025-ல் என்.ஐ.எஸ்.டி. இன்னும் கறாராகிவிட்டது. முன்பு, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாமல் இருப்பது நல்லது என்றது. இப்போது, சொல்லவே கூடாது என்கிறது. கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் கட்டாயம் மாற்ற வைக்க வேண்டும்.

அதாவது, சுற்றிச் சுற்றி அந்த வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

அப்பாவின் பூட்டு

இதையெல்லாம் போன விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கடைக்கு முப்பது வருசமும் திண்டுக்கல் பூட்டுதாம்ல. நான் எத்தன தடவ மாத்துனேன் தெரியுமா?" என்றார்.

"எத்தனப்பா?"

"ரெண்டு. ஒருவாட்டி கடைப் பையன் தேர்க்கூட்டத்துல சாவியத் தொலைச்சுட்டான். இன்னொருவாட்டி ஒருத்தன வேலைய விட்டு நிப்பாட்டுனேன், அவன்கிட்ட ஒரு சாவி இருந்துச்சு. சும்மா இருக்குற பூட்ட எதுக்கு மாத்துவாக?"

என் கட்டுரையை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மெயிலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட், அதிலும் நீளமானது. அப்பாவுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களை, பழைய அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுத்தோம். ஒரு சொல் வந்ததும் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சொல்ல மாட்டேன்! மற்றதெல்லாம் பாஸ்வேர்ட் மேனேஜரில். எங்கே முடியுமோ அங்கே போனில் இரண்டாவது உறுதிப்பாடு. எங்காவது கசிந்ததாகச் செய்தி வந்தாலோ, யாருக்காவது சொல்லிவிட்டாலோ, சந்தேகம் வந்தாலோ அன்றைக்கே மாற்றுகிறோம். இல்லையென்றால் தொடுவதில்லை.

அப்புறம், அந்தக் கணக்கு நோட்டு. திரும்பி வந்துவிட்டது. ரஷ்யாவிலோ நைஜீரியாவிலோ இருக்கும் திருடனால் தென்காசி பீரோவைத் திறக்க முடியாது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே, நல்ல பாஸ்வேர்டாக வைத்து அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த கோர்பட்டோவும் 2014-ல் அளித்த பேட்டியில், தன்னிடம் சுமார் 150 பாஸ்வேர்ட் இருப்பதாகவும், மூன்று பக்கம் டைப் அடித்து வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 87. என் அப்பாவை நான் திட்டிய காரியத்தைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார்.

அப்பா நோட்டைத் திரும்ப எழுதியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதே குண்டு எழுத்து. எழுதி முடித்து, மூடி, அம்மாவிடம் காட்டி, "இங்கதான் இருக்கு, பாத்துக்கோ" என்றார். அன்றைக்கு ராத்திரி எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.